தையல்சிட்டின் கூட்டைப் பார்த்தால் இலையைத் தொடாதீர்கள்

கூட்டுக்குள் இருக்கும் முட்டை தெரியவேண்டும் என்று இலையை விலக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அதற்கு விழும் விருப்பக்குறிகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அந்தக் கூடு எதன் பலத்தில் நிற்கிறது என்று தெரிந்தவர் யாரும் அதில் கைவைக்க மாட்டார்.

தையல்சிட்டு மொத்தமே 6 முதல் 10 கிராம்தான். துருநிற உச்சந்தலை, பச்சை முதுகு, தூக்கிய வால். இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவது பெட்டை. அகன்ற இலை அமைந்தால் ஒன்றையே வளைத்து இரு ஓரங்களையும் சேர்க்கும். சிறிய இலை என்றால் இரண்டு மூன்றைக் கூட்டும். ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ அதன் வழியே இழுக்கும். முடிச்சு கிடையாது. துளையைத் தாண்டிய நுனி பிரிந்து உப்பி நிற்கிறதே, அதுதான் பூட்டு. பெரும்பாலும் ஒவ்வொரு தையலும் தனித்தனி. இலையைக் கொஞ்சம் இழுத்தாலும் உப்பிய நுனி துளைக்குள் திரும்ப வழுக்கிவிடலாம், இல்லையென்றால் துளை கிழியலாம். பிறகு உள்ளே இருக்கும் பஞ்சுக் கிண்ணத்தைத் தாங்க ஆளில்லை.

இன்னொன்று, அந்த இலைக்கு உயிர் இருக்கிறது. துளைகள் மிகச் சிறியவை என்பதால் அது பழுப்பதில்லை. மேற்பக்கம் வெளியே பார்த்தபடி இருப்பதால் பக்கத்து இலைகளோடு கலந்துவிடுகிறது. காம்பு நசுங்கினால் இலை வாடும். வாடிய இலை தனித்துத் தெரியும். சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளினாலும் இதே கதி. செண்பகப் பறவை (செம்போத்து), பூனை, எலி, ஓணான் எல்லாம் தேடிக்கொண்டிருக்கும் கூடு இது.

முட்டை பொரிய ஏறக்குறைய 12 நாள், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். ஆக, வேலிச்செடியை வெட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் போதும். இந்தியாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடுகள் அதிகம். தோட்டக் கத்தரியைக் கையில் எடுக்கும் முன் தாழ்ந்த கிளைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மரப்பெட்டிக் கூடுகள் இதற்குப் பயன்படாது. அதற்குச் செலவழிப்பதைவிட, அடர்ந்த புதர் ஒன்றை அடிவரை மழிக்காமல் விட்டுவைப்பது மேல்.

வளர்ந்த பறவை வாயில் பூச்சியோடு கூட்டுக்குப் போகாமல், கிளைக்குக் கிளை தாவி விடாமல் கத்தினால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். அது உள்ளே போகும்வரை பின்வாங்குங்கள். தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு அது இரை ஊட்டுவதைக் கண்டால் அது குயிலினக் குஞ்சாக இருக்கலாம். பரிதாபப்பட்டு அதை எடுத்து வெளியே போடாதீர்கள். சில குயிலினங்கள் இப்படித்தான் வளர்கின்றன.