அந்தப் பிள்ளை அழுததில் என்ன பிழை?

போன ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசியவரின் பெயரை எழுத மாட்டேன், அவருடைய எழுத்தை மதிக்கிறவள் நான். ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி, லிட்டில் விமன் நாவலைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்த ஒரு உயர்தர மாணவி, அதில் வரும் பெத் என்ற பெண் பிள்ளை சாகிற இடத்தில் குரல் அடைத்து நின்றபோது, "தங்கச்சி, இது வாசிப்பில்லை, சின்னப்பிள்ளை அழுகை" என்று மைக்கில் சொன்னாரே, சபையும் சேர்ந்து சிரித்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு புத்தகம் தன்னை என்ன செய்தது என்று சொல்வதும் வாசிப்புத்தான். முதல் வாசிப்பே அதுதான். கோட்பாடும் அரசியலும் மறுகா வரட்டும்.

"அமெரிக்க வீட்டுக் கதை மட்டக்களப்புப் பிள்ளைக்கு எதற்கு?" என்றும் கேட்டார். 1868இல் லூயிசா மே அல்கொட் எழுதிய அந்தக் கதையில் என்ன இருக்கிறது? உள்நாட்டு யுத்தம். அப்பா போர்முனையில். அம்மாவும் நாலு பெண் பிள்ளைகளும் தனியே வீட்டை ஓட்டுகிறார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் என்று தந்தி வருகிறது. அம்மாவின் பயணச் செலவுக்காக இரண்டாவது மகள் ஜோ தன் கூந்தலை வெட்டி விற்று 25 டொலர் கொண்டுவருகிறாள். பகலில் சிரித்துக்கொண்டு திரிந்தவள் இரவு படுக்கையில் அந்த முடிக்காக அழுகிறாள். இது எங்களுக்குத் தெரியாத கதையா? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீடுகள் ஆண்துணை இல்லாமல், காதில் கிடந்ததை விற்று ஓடின?

நான் அதை டியூஷன் காலத்தில் சுருக்கப் பதிப்பாக வாசித்தேன். அப்போது மண்முனைப் பாலம் இல்லை, அது 2014இல்தான் திறந்தார்கள். வாவியைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில், கடந்துதான் டவுனுக்கு வருவோம். அப்படி ஒரு நாள் பாதையில் நின்றபடி, கடைசித் தங்கச்சி எமி, ஜோவின் கதைக் கொப்பியை எரிக்கும் இடத்துக்கு வந்தேன். நாடகம் பார்க்கத் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்ற கோபத்தில் எரிக்கிறாள். அதற்கு மேல் எனக்கு வாசிக்க முடியவில்லை.

90ஆம் ஆண்டு யுத்தத்தில், விடிந்தால் சுற்றிவளைத்துத் தேடுதல் என்று கதை வந்த இரவு, எங்கள் அம்மா அக்காவின் கவிதைக் கொப்பியை அடுப்பில் வைத்தா. மட்டை லேசில் பற்றவில்லை. ஊதாங்குழலை எடுத்து ஊதி ஊதி எரித்தா. அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. அந்தக் கொப்பியில் இருந்தது நிலவும் பூவும் தான். ஆனால் தமிழில் எழுதிய எதைக் கண்டாலும் அம்மாவுக்கு அன்று பயம். அதற்குப் பிறகு அக்கா கவிதை எழுதி நான் காணவில்லை. கதையில் எமி பனி உடைந்து ஆற்றுக்குள் விழுகிறாள், ஜோ எல்லாவற்றையும் மறந்து மன்னிக்கிறாள். அக்கா அம்மாவை மன்னித்தாவா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை. அந்த அத்தியாயத்தை நான் எப்படி அழாமல் வாசிப்பது? அது வாசிப்பில்லையென்றால் வேறு எது?

அழுகை விமர்சனமாகுமா என்று கேட்பீர்கள். அந்த நாவலில் உபதேசம் அதிகம் என்று எனக்கும் தெரியும். சரி, சொல்லுங்கள். அவள் பேசி முடித்த பிறகு சொல்லுங்கள்.

வெள்ளைக்காரர் புத்தகத்துக்குப் பரிகிறாள் என்பவர்களுக்கு: சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய மடோல் தூவ நாவலும் என் மனசுக்குள் அதே இடத்தில்தான் இருக்கிறது. தீவில் இரவு நகரும் வெளிச்சத்தை அந்தக் கதைப் பையன்கள் உபாலியும் ஜின்னாவும் பேய் என்று நினைக்கும் இடத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அன்று பொழுதுபட்டு, வாவிக்கரைக் கண்ணா மரங்களுக்குள் இறால் பிடிப்பவரின் லாம்பு அசைந்ததைக் கண்டு இரண்டு பேரும் வீடுவரை ஓடினோம். அந்தக் கதை நடக்கும் கொக்கலை வாவியும் எங்கள் வாவியும் எனக்கு அன்றோடு ஒன்றாகிவிட்டன. இதற்கெல்லாம் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

உண்மையில் எனக்கு நோவது வேறு. கோர்க்கியின் 'தாய்' நாவலை வாசித்து இரவெல்லாம் அழுதேன் என்று ஒரு ஆண் மேடையில் சொன்னால் கை தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன், மனசார. அது உணர்வு, போராட்டம், இலக்கியம். ஒரு பெண் பிள்ளை பெத்துக்காக அழுதால் மட்டும் சின்னப்பிள்ளைத்தனமா? லிட்டில் விமனின் முதல் பாகம் வந்ததும் ஜோவைப் பக்கத்து வீட்டு லோரிக்குக் கட்டிவையுங்கள் என்று அல்கொட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதியவர்களும் இந்த வயதுப் பிள்ளைகள்தான். அவர் அதற்கு இணங்கவில்லை. ஆனால் அடுத்த வருடமே இரண்டாம் பாகத்தை எழுதிக் கொடுத்தார். எங்கள் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்களோ பிள்ளைகள் வாய் திறந்தவுடன் திருத்த எழும்புகிறார்கள். பிறகு, இளம் தலைமுறை வாசிப்பதில்லை என்று அதே மேடையில் கவலைப்படுகிறார்கள். வாசித்துவிட்டு வந்தவளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம்தானே?

கொமெண்டில் அந்தப் பிள்ளையின் பெயரையோ வீடியோவையோ யாரும் போட வேண்டாம், போட்டால் அழிப்பேன். வாதாட விருப்பமென்றால் என்னோடு வாதாடுங்கள்.