பால்சுறா மட்டும் போதாது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் பிள்ளை பிறந்தால், தாய்க்குப் பால் ஊறும் என்று முதல் அலைச்சல் பால்சுறா மீனுக்குத்தான். அங்கே அகப்படாவிட்டால் தெஹிவளைக்கு ஆள் போகும். சுறாப்புட்டு, உள்ளியை அள்ளிப் போட்ட சரக்குக் கறி, முருங்கையிலை வறை என்று ஒரு மாதத்துக்குப் பத்தியச் சமையல் நடக்கும். எனக்கு அதோடு சண்டை இல்லை. நானும் ருசித்துத்தான் சாப்பிட்டேன். (பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்வதால் பாலூட்டும் தாய்மார் தவிர்ப்பது நல்லது என்கிறார்கள். அதை மாமியிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை.)

என் கோபம் வேறு. நாங்கள் கறியை மட்டும் கொழும்புக்குக் கொண்டு வந்துவிட்டு, அதைச் சமைத்த ஆட்களை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

அம்மா காலத்தில் பிள்ளைப்பேற்றுத் துடக்கு 31 நாள். பெற்றவள் அடுப்படிக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. தீட்டு என்ற கதையை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தக் கதையின் புண்ணியத்தில் அவள் சமைக்கவில்லை, துவைக்கவில்லை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அம்மம்மா சமைத்தா, சித்தி பிள்ளையைக் குளிக்க வார்த்தா, பக்கத்து வீட்டு அக்கா நொச்சியிலை அவித்த வெந்நீரோடு வந்து நின்றா. பெற்றவளுக்குப் படுப்பதும் பால் கொடுப்பதும்தான் வேலை. எங்கள் மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தில் இதே ஏற்பாடு 40 நாளுக்கு நடந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

பால் ஊறுவதற்கு அந்த ஓய்வு எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்குகிறது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் உற்பத்தியாகும். அதற்கான புரோலாக்டின் என்ற ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கும். பாலை வெளியே தள்ளும் ஒக்சிடோசின் ஹோர்மோனோ, தாய் பதறினால், வலியில் துடித்தால் தடைப்படும். ஆக, ராத்திரி எழும்பிப் பால் கொடுத்தவளைப் பகலில் தூங்கவிட ஒருத்தர் வேண்டும். உள்ளிக்கறி அந்த வேலையைச் செய்யாது.

இன்று நடப்பதென்ன? ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு கிழமையில் திரும்பிவிடுவா. கணவனுக்கு லீவு இல்லை. அரச ஊழியருக்கே மூன்று நாள்தான். நாலாம் மாடியில் அவளும் பிள்ளையும் நாலு சுவரும். பின்னேரம் ஆனால் பிள்ளை அரை மணிக்கொரு தடவை பால் கேட்டு அழும். பிறந்து சில கிழமைகள் அது சாதாரணம். ஆனால் பார்க்க வந்த ஒரு அன்ரி, "பிள்ளைக்குப் பால் காணேல்லைப் போல" என்று ஒரு வசனத்தை விட்டுவிட்டுப் போவா. அன்றிரவே பால்மா டின் வரும். டின் வந்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், குறைந்தால் ஊறுவதும் குறையும், பிறகு அன்ரி சொன்னது பலித்துவிடும்!

பால் போதுமா என்று பார்க்க அன்ரி தேவையில்லை. முதல் கிழமைக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகிறதா, நிறை ஏறுகிறதா, அவ்வளவுதான். நிறையைக் குடும்பநல மருத்துவமாது (மிட்வைஃப்) கொப்பியில் குறித்துத் தருவா. இந்த விஷயத்தில் எங்கள் நாடு மோசமில்லை. 2016ஆம் ஆண்டு சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். பால்மா விளம்பரத்துக்கு 1983இலேயே கட்டுப்பாட்டுக் கோவை கொண்டு வந்த நாடு இது.

பழைய வழக்கம் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது ஆபத்து; ஒரு வயது வரைக்கும் தேன் கூடாது. சீனித் தண்ணியும் வேண்டாம். மஞ்சளாக வரும் முதற்பாலைப் பழுது என்று பிழிந்து ஊற்றுவதைப் போலப் பாவம் வேறில்லை.

அப்புறம் வேலைக்குப் போகும் கதை. கறந்து வைத்த பாலைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஒட்டாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சீர்காழிக் குளக்கரையில் ஞானசம்பந்தருக்கு உமையம்மையே பொற்கிண்ணத்தில் கறந்துதானே கொடுத்தாள்? எங்கள் மருத்துவமாதுவும் போத்தல் வேண்டாம், கிண்ணத்தில் கொடு என்றுதான் சொன்னா.

ஆனால் கறப்பதற்கு இடம் வேண்டுமே. மகப்பேற்று விடுமுறை 84 நாள். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வதோ ஆறு மாதம். இடையில் இருக்கும் மாதங்களை எப்படிக் கடப்பது? மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் பாலூட்டும் இடைவேளை இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலைநாளில் இரண்டு தடவை, பிள்ளை காப்பிடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. கொழும்பு கோட்டையில் நான் வேலை செய்த இடத்தில் இதைக் கேட்டபோது கழிவறையைக் காட்டினார்கள். அங்கே யாராவது தங்கள் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்களா?

எல்லாம் செய்தும் பால் வராத தாய்மார் இருக்கிறார்கள், மருந்து காரணமாகக் கொடுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பால்மா தேவை. அந்த டின்னைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்கத் தேவையில்லை. நான் கேட்பது மற்ற வீடுகளிடம். மருமகளுக்குச் சுறா வாங்கிக் கொடுத்த கையோடு சட்டி பானையையும் கழுவி வையுங்கள். தம்பிமாரே, ராத்திரி ஏவறை எடுக்கப் பிள்ளையைத் தோளில் போட உங்களுக்கும் தோள் இருக்கிறது. அன்ரிமார் கொமெண்டில் வந்து ஏசலாம், நான் பதில் சொல்வேன்.