கழிப்பறை கட்டக் கடலோர விதி தடையில்லை

"கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கும்வரை மீனவக் கிராமத்துக்கு ரோடும் வராது, கழிப்பறையும் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் இந்த மத்திய அரசு விதியில், கிராமப்புறக் கடற்கரையில் வளர்ச்சிப் பணி கூடாத பகுதி என்று ஒன்று உண்டு, சரி. ஆனால் அதற்குள்ளேயே உள்ளூர் மக்களுக்குத் தேவையான மருந்தகம், பள்ளிக்கூடம், பொதுக் கழிப்பறை, சாலை, குடிநீர், வடிகால் எல்லாவற்றுக்கும் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் அனுமதி தரலாம். இந்த விதியை வெளியிட்ட 2011 அறிவிக்கையிலும் இது இருந்தது, 2019 அறிவிக்கையிலும் இருக்கிறது.

அப்புறம், மக்கள்நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள கிராமப் பகுதிகளில் வளர்ச்சிப் பணி கூடாத அந்தப் பகுதியின் அகலத்தை, உயர் அலை தொடும் கோட்டிலிருந்து 200 மீட்டர் என்பதை 50 மீட்டராகக் குறைக்க 2019-இல் வழி செய்தார்கள். அதனால் விடுதிகள் கரையை நெருங்கிவிடும் என்று மீனவர்கள் அஞ்சுவது நியாயம்தான். அது வேறு பிரச்சினை. கழிப்பறைக்கு "சட்டம் விடாது" என்று அதிகாரி கைவிரித்தால், அறிவிக்கையின் எந்தப் பத்தி என்று எழுத்தில் கேளுங்கள்.