ஏழு நிமிடம்கூடப் பொறுக்காதா?

ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக் கிடாவெட்டில் எடுத்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் போட்ட இசையை நிறுத்த ஸ்பீக்கர் வயரைப் பிடுங்குபவர் என் தங்கை கணவர். "ஏனுங்க மச்சான், யாருக்கு வயிற்றுவலி?" என்று கேட்பவரும் அவரேதான். பந்தியே சிரிப்பது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அதன்மேல் 'இழவு வீட்டு மேளம்' என்று எழுதிச் சுற்றில் விட்டவரின் கற்பனை வளத்துக்கு என் வணக்கம்.

நான் போட்டது அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இசைத்தட்டின் நான்காம் பகுதி. மொத்தமே ஏழு நிமிடம். ஓடியது ஒன்றரை நிமிடம். பிடித்தே ஆக வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. முடியும்வரை இருங்கள் என்றுதான் கேட்டேன். குடல் கறி வேக ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்போது யாரும் அடுப்பை அணைக்கவில்லையே?

'வார்த்தையே இல்லாததை எப்படி ரசிப்பது' என்கிறார்கள். வார்த்தை இருக்கிறது ஐயா. 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் பதிவானது அந்தத் தட்டு. கடவுளுக்கு நன்றி சொல்லித் தானே எழுதிய கவிதையை வாயால் சொல்லாமல், அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார் அந்த மனிதர். கவிதை உறையிலேயே அச்சாகியிருக்கிறது. விரல் வைத்துப் படித்துக்கொண்டே கூடப் போகலாம். 1957இல் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர், நாற்பது வயதில் இறந்துவிட்டார். அவருடைய வேண்டுதல்தான் உங்களுக்கு வயிற்றுவலி.

இதை எனக்கு முதலில் கேட்கக் கொடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர். 1999, திருப்பூர். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூபர்வைசராக இருந்தேன். தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய கண்டெய்னர் லாரி இரவு பதினொரு மணியாகியும் வரவில்லை. சரக்கைச் சோதிக்க வந்திருந்தவர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தபடி ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். சிடியோடு இருந்த சின்னப் புத்தகத்தை விரித்து, வரி வரியாக விரலை ஓட்டிக் காட்டினார். எனக்கு அவருடைய ஆங்கிலமே பாதிதான் புரியும். ஆனால் கேட்டதும் என் அப்பாருதான், அதாவது தாத்தாதான், நினைவுக்கு வந்தார்.

அப்பாரு உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுவார். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் கிடக்க, தங்கை அழும் இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார். உடுக்கையின் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அதையே விம்ம வைப்பார். வார்த்தை இல்லையே என்று சாளையில் அன்று யாரும் கேட்கவில்லை. கிழவிகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

'நம் மண்ணின் இசை இருக்க, அமெரிக்காக்காரன் எதற்கு?' இதைக் கேட்டவர்கள் அன்று பந்தியில் போட்டது சினிமாப் பாட்டு என்பதை நினைவூட்டுகிறேன். பெல்ஜியத்துக்காரர் உருவாக்கிய அதே சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத் கீர்த்தனை வாசித்தபோது தலையாட்டினோம். கோல்ட்ரேனோ சிதார் கலைஞர் ரவிசங்கரின் இசையில் மயங்கித் தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். அவருக்கு நம் இசை வேண்டியிருந்தது. நமக்குக் குடல் கறி போதும்.

'இடம் பொருள் பார்த்துப் போட வேண்டாமா' என்று பெரியவர் ஒருவர் போனில் கேட்டார். நியாயம்தான். ஆனால் பில் எவன்ஸ் 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் ஒரு நிலவறைக் கிளப்பில் பியானோ வாசித்த பதிவைக் கேளுங்கள். கிளாஸ் மோதும் ஓசையும் பேச்சுச் சத்தமும் பதிவிலேயே இருக்கின்றன. சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். கூட பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோராம் நாள் கார் விபத்தில் போய்விட்டார். அன்றும் எவனாவது வயரைப் பிடுங்கியிருந்தால்?

கேட்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா? 1957இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பில்லி ஹாலிடே பாடிய காட்சி இணையத்தில் கிடைக்கிறது. நடுவில் லெஸ்டர் யங் எழுந்து ஒரு நிமிடம்கூடச் சாக்ஸபோன் வாசித்திருக்க மாட்டார். நாலைந்து சுரங்களை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் சொல்லிவிடுகிறார்! அவரை விட்டுவிட்டுப் பில்லியின் முகத்தைப் பாருங்கள். உதட்டில் சிரிப்போடு, அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையசைக்கிறார். இருவரும் 1959இல், நான்கு மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். என் பேச்சை அப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருடமாகிறது! எங்கள் குடும்பத்தில் நான் தொடங்கிய வாக்கியத்தை வேறு யாராவதுதான் முடித்துவைப்பார்கள்.

'நீ மட்டும் அப்பாருவைக் கேட்டாயா?' என்று தங்கை கேட்கிறாள். அவளுக்குத் தெரியும். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தபோது, "அப்பாரே, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொன்னவன் நான்தான். அவர் ஒன்றும் பேசாமல் உடுக்கையை மஞ்சள் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினார். நான் பார்க்க அதன் பிறகு அதை எடுக்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தெட்டு.

ஸ்பீக்கர் இன்னும் அவிநாசியில்தான் இருக்கிறது. நானாக வந்து வாங்க மாட்டேன். யாரிடமாவது கொடுத்தனுப்பட்டும், வயரோடு.