பைண்ட் ஆபரேட்டர்: ஒரே குறிக்குள் இரண்டு வேலைகள்

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மெத்தடை, அதாவது ஓர் ஆப்ஜெக்டுக்குச் சொந்தமான ஃபங்ஷனை, அந்த ஆப்ஜெக்டிலிருந்து தனியே எடுத்து வேறொரு ஃபங்ஷனிடம் கொடுத்தால், அதனுள் இருக்கும் 'திஸ்' (எந்த ஆப்ஜெக்டுக்காக இயங்குகிறது என்பதைக் குறிக்கும் சொல்) தன் ஆப்ஜெக்டை இழந்துவிடுகிறது. 2009-இல் வந்த இஎஸ்5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு இதற்காகவே, 'திஸ்' ஒரு ஆப்ஜெக்டோடு பிணைக்கப்பட்ட புதிய ஃபங்ஷனைத் தரும் 'பைண்ட்' என்ற மெத்தடைத் தந்தது. அதை :: என்ற குறியாகச் சுருக்கும் முன்மொழிவு, இந்த மொழியின் விதிகளை வகுக்கும் டிசி39 குழுவின் படிநிலைகளில், தொடக்கமான பூஜ்ஜிய நிலையைத் தாண்டவே இல்லை. ஆனாலும் 2015-இல், புதிய ஜாவாஸ்கிரிப்ட் வடிவங்களைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும் பேபல் என்ற கருவி அதைச் சோதனை வசதியாகச் சேர்த்ததால், அந்த வடிவத்தை எழுதிப் பார்த்துப் பழகியவர்கள் பலர் உண்டு. அதே வடிவில் அது மொழிக்குள் வரக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த முன்மொழிவு இரண்டு வேலைகளுக்கு ஒரே குறியைக் கொடுக்கிறது. ::பொத்தான்.அழுத்து என்று எழுதினால், பொத்தானோடு பிணைக்கப்பட்ட ஃபங்ஷன் கிடைக்கும். பட்டியல்::வடிகட்டு(விதி) என்று எழுதினால், பட்டியலில் இல்லாத ஓர் வெளி ஃபங்ஷன், பட்டியலைத் தன் 'திஸ்' ஆகக் கொண்டு உடனே இயங்கும்.

முதல் வடிவத்தின் மீதுதான் எனக்குக் கடுமையான மறுப்பு. திரை இடைமுகங்களைக் கட்டும் ரியாக்ட் என்ற நூலகத்தின் கிளாஸ் காம்பொனன்ட்டுகளில், நிகழ்வுகளைக் கையாளும் ஒவ்வொரு ஹேண்ட்லரையும் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதியில்) பைண்ட் செய்து சலித்தவர்களுக்கு அது பெரிய விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குறி ஒவ்வொரு முறை இயங்கும்போதும் ஒரு புதிய ஃபங்ஷனை உருவாக்குகிறது. ஒரு நிகழ்வுக்கு ::பொத்தான்.அழுத்து என்று லிஸனரை (நிகழ்வு நடக்கும்போது இயங்கும் ஃபங்ஷனை) சேர்த்துவிட்டு, பின்னர் எழுத்துப் பிசகாமல் அதையே எழுதி நீக்க முயன்றால், அது வேறொரு புதிய ஃபங்ஷன் என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது, லிஸனரும் நீங்காது. 'பைண்ட்' மெத்தடிலும், => குறியால் சுருக்கமாக எழுதப்படும் ஆரோ ஃபங்ஷனிலும் இதே சிக்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அங்கே ஒரு மெத்தட் அழைக்கப்படுவதோ, ஒரு ஃபங்ஷன் அந்த இடத்திலேயே எழுதப்படுவதோ படிப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. :: குறியோ, ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுத்துத் தருவது போன்ற தோற்றத்தைத் தருகிறது. பைத்தான் மொழியில் ஆப்ஜெக்டிலிருந்து மெத்தடை எடுத்தாலே அது பிணைக்கப்பட்டு வருகிறது; ஒவ்வொரு முறையும் புதிய மெத்தட் ஆப்ஜெக்ட் உருவானாலும், ஒரே ஆப்ஜெக்டிலிருந்து இருமுறை எடுத்த ஒரே மெத்தடை == கொண்டு ஒப்பிட்டால் சமம் என்றே விடை வரும். ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன்களுக்கு அத்தகைய ஒப்பீடு கிடையாது. ஆகவே மற்ற மொழியில் நன்றாக இயங்குகிறது என்பதை இங்கே வாதமாக வைக்க முடியாது.

இரண்டாம் வடிவத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆப்ஜெக்டில் இல்லாத இரவல் ஃபங்ஷனை இயக்க இன்று, 'திஸ்' எது என்பதைக் கொடுத்து ஃபங்ஷனை உடனே இயக்கும் 'கால்' மெத்தடையே நாடுகிறோம். அதனால் வாக்கியத்தின் வரிசை தலைகீழாகிறது. இயக்கப்படும் ஆப்ஜெக்ட் முன்னே வராமல், அடைப்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒரு பண்பு ஆப்ஜெக்டுக்கே சொந்தமானதா என்று சொல்லும் 'ஹேஸ் ஓன் ப்ராப்பர்ட்டி' என்பதை இப்படிச் சுற்றி வளைத்து அழைப்பது எங்கும் பரவிவிட்டதால், இஎஸ்2022 பதிப்பில் 'ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்' என்று தனி ஃபங்ஷனே சேர்க்க வேண்டியிருந்தது. டிசி39 படிநிலைகளில் இரண்டாம் நிலையில் உள்ள, ஒரு மதிப்பை அடுத்த கணக்கீட்டுக்குள் வரிசையாகச் செலுத்தும் பைப்லைன் ஆபரேட்டர் இந்த வரிசைச் சிக்கலைச் சற்றுக் குறைக்கும்; ஆயினும் அங்கும் 'திஸ்' ஆகக் கொடுக்க 'கால்' தேவைப்படும்.

எனவே முதல் வடிவத்தை அடியோடு நீக்கி, இரண்டாவதைத் தனி முன்மொழிவாக முன்னெடுக்க வேண்டும். முதல் வடிவம் வேண்டும் என்று வலியுறுத்துபவர்கள், ஒரே ஆப்ஜெக்டுக்கும் ஒரே மெத்தடுக்கும் எப்போதும் ஒரே ஃபங்ஷனே கிடைக்கும் என்ற விதியையும், அதற்கு ஆகும் நினைவகச் செலவையும் தங்கள் முன்மொழிவிலேயே எழுதித் தரட்டும்.