69-ஆவது தோட்டா

2023 நவம்பரில் உக்ரைனிய ஸ்னைப்பர் (மறைந்திருந்து நெடுந்தொலைவில் சுடும் வீரர்) வியாசெஸ்லாவ் கோவால்ஸ்கி 3,800 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு ரஷ்யப் படைவீரரைச் சுட்டு வீழ்த்தியதாக அந்நாட்டுப் பாதுகாப்புச் சேவை அறிவித்தது. துப்பாக்கி ஆர்வலர்களின் பதிவுகளில் அந்தச் செய்தி இன்னமும் சுற்றி வருகிறது. மீட்டர் கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கிறது, துப்பாக்கியின் படம் இருக்கிறது. சுட்டவர் யார் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு அப்போது வயது 58. போருக்கு முன்பு தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். நெடுந்தொலைவுத் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொண்டு பழகிய கை அது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "ராணுவ ஸ்னைப்பருக்கு முன்னால் போட்டியில் சுடுகிறவன் எம்மாத்திரம்" என்று எழுதுகிறவர்களும், "போட்டி வீரனின் துல்லியம் எந்தச் சிப்பாய்க்கு வரும்" என்று எழுதுகிறவர்களும் மாறி மாறிச் சண்டை போடுகிறார்கள். இரு தரப்பும் நெடுந்தொலைவுத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

12.7 மி.மீ. பிரவுனிங் தோட்டா முதல் உலகப் போரின் முடிவில் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காக உருவானது. அதைத் தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கிக்குள் வெற்றிகரமாகக் கொண்டுவந்தவர் ரானி பாரெட், அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர். ஆற்றில் நின்ற ரோந்துப் படகு ஒன்றைப் படம் எடுக்கப் போனவர், அதில் பொருத்தியிருந்த இயந்திரத் துப்பாக்கிகளைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார். ஆயுத வடிவமைப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் 1982-இல் முதல் மாதிரியைச் செய்துவிட்டார். 1989-இல் ஸ்வீடன் ராணுவம் வாங்கியது. வளைகுடாப் போரின்போது அமெரிக்க மரைன் படையும் வாங்கியது. 2017-இல் இராக்கில் 3,540 மீட்டர் என்று கனடா அறிவித்த சாதனைக்குப் பயன்பட்ட துப்பாக்கி மெக்மில்லன் டாக்-50. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கேல் மெக்மில்லன், மேசைமீது துப்பாக்கியைச் சாய்த்து ஒரே துளையில் குண்டுகளை அடுக்கப் போராடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளிலிருந்து வந்தவர். 2002-இல் ஆப்கானிஸ்தானில் கனடா வீரர் ராப் ஃபர்லாங் 2,430 மீட்டரில் சுட்டபோது அவர் துப்பாக்கியில் இருந்தவை ஹார்னடி நிறுவனத்தின் ஏ-மாக்ஸ் குண்டுகள். போட்டிக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்திய குண்டு அது.

வியட்நாம் போரில் பெயர் பெற்ற அமெரிக்க ஸ்னைப்பர் கார்லோஸ் ஹாத்காக்கையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். 1967-இல் ஓர் இயந்திரத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்தி 2,286 மீட்டரில் சுட்டார். அந்தத் தொலைவை 35 ஆண்டுகள் யாரும் தாண்டவில்லை. அவர் போருக்குப் போவதற்கு முன்பே, 1965-இல், ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1,000 கெஜத் தொலைவுக்கான விம்பிள்டன் கோப்பையை வென்றிருந்தார். ஃபின்லாந்தின் சிமோ ஹாய்ஹா விவசாயி, வேட்டைக்காரர். ஊர்க் காவல் படைப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். 1939-40 குளிர்காலப் போரில் தொலைநோக்கியே இல்லாமல் சாதாரணத் துப்பாக்கியின் இரும்புக் குறியை வைத்துக்கொண்டு சுட்டார்.

ஆக, துல்லியம் என்கிற அறிவு போட்டித் தளங்களில்தான் வளர்கிறது. காரணம் எளிமையானது. ஒரே துப்பாக்கி, ஒரே தொலைவு, ஆண்டுக்கணக்கில் அதே வேலை. போட்டிக்காரர்கள் வெடிமருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துத் தாங்களே தோட்டா கட்டுகிறார்கள். குண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கிறார்கள். ராணுவம் இலட்சக்கணக்கில் வாங்கும் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவில் அந்தச் சீர்மையை எதிர்பார்க்கவே முடியாது.

ஆனால் போட்டிக்காரரின் சாதனையையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு குழு 4.4 மைல் தொலைவில் இருந்த இலக்கை அடித்தது. கிட்டத்தட்ட 7.1 கிலோமீட்டர். குண்டு போய்ச் சேர 24 விநாடிக்கு மேல் ஆனது. இலக்கில் பட்டது 69-ஆவது தோட்டா. அந்தக் குழு இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னது. முந்தைய 68 தோட்டாக்களில் ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியதுதான் அவர்களுடைய கலை. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. போர்க்களத்தில் அந்த 68 தோட்டாக்களுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஃபர்லாங்கின் முதல் குண்டு தவறியது, இரண்டாவது எதிராளியின் முதுகுப்பையில் பட்டது, மூன்றாவதுதான் ஆளைத் தொட்டது. செய்திகளில் "ஒரே தோட்டா" என்று எழுதப்படும் பல சாதனைகளுக்குப் பின்னால் இப்படி முதல் தவறுகள் இருக்கின்றன. இது சுட்டவரின் குறை அல்ல. 3,800 மீட்டருக்குக் குண்டு ஏறக்குறைய 9 விநாடி பறக்கிறது. அதற்குள் சாதாரணமாக நடக்கிற ஒரு மனிதன் 10 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். குழல் நோக்கும் கோட்டிலிருந்து குண்டு சில நூறு மீட்டர் கீழே இறங்கிவிடும். வழியில் வீசும் காற்று ஓரிடத்தில் இடதிலிருந்தும் இன்னோரிடத்தில் வலதிலிருந்தும் வரலாம். காற்றின் வெப்பம், அடர்த்தி, குண்டின் சுழற்சி, பூமியின் சுழற்சி எல்லாமே கணக்கில் வரும். அந்தக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்ட பிறகும் அதிர்ஷ்டம் தேவை. அதிர்ஷ்டத்தை அளவுகோலாக வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கிறோம் என்பதுதான் என் கோபம்.

ராணுவத்தில் சுடுகிறவரின் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் தோட்டா. அதற்கு முன் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து பார்த்து, பார்த்ததைத் திருத்தமாகத் தெரிவிப்பது. பக்கத்தில் கிடக்கும் ஸ்பாட்டர் காற்றைப் படித்துச் சொல்வதை நம்புவது. சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பது. சுட்ட பின் உயிரோடு திரும்புவது. இவற்றில் எதற்கும் கோப்பை கிடையாது, மீட்டர் கணக்கும் கிடையாது. பெரும்பாலான ஸ்னைப்பர்களின் வேலை 1,000 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு 12.7 தேவையே இல்லை. அந்தப் பெரிய துப்பாக்கிகளை ராணுவங்கள் வாங்கியது முதன்மையாக ரேடார், நிறுத்தி வைத்த விமானம், வாகன எஞ்சின், வெடிக்காமல் கிடக்கும் வெடிகுண்டு ஆகியவற்றை அடிக்கத்தான்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றை மறைத்தால் நான் நேர்மையானவன் அல்ல. இதே துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளிலிருந்து மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களிடம் போய்ச் சேருகின்றன. அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்கள் மீது மெக்சிகோ அரசு 2021-இல் வழக்குப் போட்டது. பாரெட் நிறுவனமும் அதில் பிரதிவாதி. 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு செல்லாது என்றது. கலிஃபோர்னியா 2005 முதல் இந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்துவிட்டது. அதற்குப் பதிலடியாக அந்த மாநிலத்துக் காவல்துறைகளுக்கு விற்கமாட்டேன் என்று பாரெட் அறிவித்தார். என் மனம் கலிஃபோர்னியா பக்கம்தான். போட்டிக்காரர்களின் கலையை நான் எவ்வளவு மதித்தாலும், இலேசான கவச வாகனத்தை ஊடுருவும் ஆயுதம் கடையில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கும் பொருளாக இருக்கக்கூடாது. துப்பாக்கிச் சங்கத்தின் பூட்டிய அறையில் இருக்கட்டும், அங்கேயே சுடட்டும்.

நம் நாட்டில் 12.7 துப்பாக்கி ராணுவத்திடமும் எல்லைப் பாதுகாப்புப் படையிடமும் இருக்கிறது. அவற்றில் ஒன்றான 'வித்வம்சக்' திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படுவது. குழலையும் வேறு சில பாகங்களையும் மாற்றினால் 14.5 மி.மீ., 20 மி.மீ. தோட்டாக்களையும் சுடும். செய்யத் தெரிந்திருக்கிறது. ஆனால் நெடுந்தொலைவில் சுடும் அறிவைப் பொதுவெளியில் வளர்க்க நம்மிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை. நம் சாதனைகள் எல்லாம் குறைந்த தொலைவில்தான். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சுட்டவர்கள். நடுவில் உள்ள 10 புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். அந்த ஒழுக்கம் வந்த நாட்டில் 300 மீட்டர், 600 மீட்டர் சுடுகிறவர்கள் உருவாக முடியாதா?

சுவிட்சர்லாந்தில் ராணுவப் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுதோறும் முடிக்க வேண்டிய 300 மீட்டர் சுடுதலை ஊர்ச் சங்கங்களின் தளங்களிலேயே முடிக்கிறார்கள். சிப்பாயும் தச்சரும் ஒரே வரிசையில் படுத்துச் சுடுகிறார்கள். இங்கே அதற்குப் பெரிய காலிபர் (குழலின் உள்விட்டம்) தேவையில்லை. சங்கத்தின் பெயரில், சங்கத்தின் காவலில் இருக்கும் சிறிய காலிபர் துப்பாக்கிகளும், மண்மேடு எழுப்பிய ஒரு தளமும், காற்றைப் படிக்கச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ராணுவப் பயிற்றுநர்கள் சிலரும் போதும். முதல் தளத்தைத் திருச்சியிலேயே போடலாம்.