தெர்மாமீட்டரை யார் வைத்தது?

மகளுக்குப் பள்ளியில் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒரு சார்ட் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். வழக்கமான படம்தான். நீல உருண்டை, நெற்றியில் ஈரத்துணி, வாயில் தெர்மாமீட்டர், கன்னத்தில் ரெண்டு சொட்டுக் கண்ணீர். நன்றாகவே வரைந்திருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்தத் தெர்மாமீட்டரை யாரும்மா வச்சது?" என்று கேட்டுவிட்டேன். அன்று பிடித்தது, ரெண்டு நாள் போய்விட்டது.

எனக்கு இதில் பழைய ஆதங்கம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் என்றாலே நமக்கு மரக்கன்று, துணிப்பை, உறுதிமொழி, வரிசையாக நின்று ஒரு போட்டோ. அளவெடுக்கிறவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், சலிக்காமல் வருஷக்கணக்கில் அளந்து எழுதிவைத்தவர்கள் இல்லையென்றால், பூமிக்குக் காய்ச்சல் என்று நாம் சொல்வதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சுதான்.

அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு காற்றில் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இவர் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடலோரக் காட்டில் மனைவி, கைக்குழந்தையோடு போய்த் தங்கி, சில மணிக்கொருமுறை, நடுராத்திரியிலும் எழுந்துபோய், கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்துவந்தார். ராத்திரியில் அளவு கூடியது, பகலில் குறைந்தது. ஆனால் பிற்பகல் காற்று மட்டும் எங்கே பிடித்தாலும் பத்து லட்சத்துக்குச் சுமார் 310 பங்கு என்றே வந்தது. அப்படியானால் உலகத்துக்கே பொதுவாக ஓர் அளவு இருக்கிறது.

1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அவருடைய கருவி ஓட ஆரம்பித்தது. முதல் அளவு 313. மே மாதம் வரை ஏறியது, அப்புறம் இறங்கியது. கருவியில்தான் கோளாறோ என்று சந்தேகம். அடுத்த வருஷமும் அதே ஏற்றம், அதே இறக்கம். வடகோளத்துக் காடுகள் துளிர்த்து வாயுவை இழுப்பதும், இலை உதிர்ந்து மட்கி அதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் அது. ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பல் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்தது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது.

"எரிமலை மேல கருவிய வச்சா அப்படித்தான் காட்டும்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் போட்டிருந்தார். அண்ணே, கீலிங்குக்கும் அது தெரியும். ராத்திரியில் மலையுச்சிப் பக்கமிருந்து எரிமலை வாயு கலந்த காற்றடித்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும், கடல் காற்று வரும்போது ஆடாமல் நிற்கும். குதிக்கிற நேரத்துக் கணக்கை ஒதுக்கிவிடுவார்கள். அளவு தெரிந்த வாயு சிலிண்டரைக் கொண்டு மணிக்கொருமுறை கருவியைச் சரிபார்ப்பார்கள். காய்கறிக்கடைத் தராசுக்கே வருஷத்துக்கு ஒரு முத்திரைதான். தென் துருவத்தில் எடுக்கும் அளவும் இதே ஏற்றத்தைத்தான் காட்டுகிறது.

ஓசோன் ஓட்டை கதையும் இப்படித்தான். அன்டார்க்டிகாவின் ஹேலி பே நிலையத்தில், குளிருக்குப் போர்வை சுற்றிய பழைய டாப்சன் கருவியில் வருஷா வருஷம் ஓசோனை அளந்தார்கள். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜோ ஃபார்மனும் கூட இருந்த ரெண்டு பேரும், ஓசோன் குறைந்துகொண்டே போவதைக் காட்டிய அந்தக் கணக்கை 1985-ல் வெளியிட்டார்கள். ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

இந்த வேலைக்கு எரிமலையைவிடப் பெரிய எதிரி பட்ஜெட். 2022 நவம்பரில் மௌனா லோவா நிஜமாகவே வெடித்தது. லாவா வழிந்து ஆய்வகத்துக்குப் போகும் சாலையை மூடியது, கரண்டும் போனது. பக்கத்து மலையான மௌனா கேயாவில் கருவியை வைத்து, ஏறக்குறைய பத்தே நாளில் மறுபடி அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2025-ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு, அந்த ஆய்வகத்துக்கான நிதியையே நிறுத்தலாம் என்றது. எவ்வளவு மிச்சமாகுமாம்? ஒரு நாடு அதனால் பணக்கார நாடாகிவிடப் போவதில்லை.

இதையெல்லாம் சொன்னபிறகு, மகள் தானே ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாதாந்திர அளவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1959-லிருந்து புள்ளி வைத்துக்கொண்டே வந்தவள் 1964-ல் நின்றாள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றிலும் -99.99 என்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தாளின் அடிவரைக்கும் தேடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பவும் எரிமலையாப்பா?"

"இல்லம்மா. அந்த மூணு மாசம் காசு குடுக்கல, அளக்கவே இல்ல."

அந்த மூன்று கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு மே மாதத்துக்குப் போனாள்.